மேடேவுக்குக் காவல் இருந்தவர்

யாரு வந்து எந்தக் கஷ்டத்தச் சொன்னாலும் அந்த மனுஷன் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான்: "உயிருக்கா, பொருளுக்கா?" பால் பொங்கி அடுப்பு அணைஞ்சி அவரு பொண்டாட்டி ஐயோன்னு கத்துனாலும் அதே கேள்வி. பஸ்ஸ விட்டுட்டேன் மாமா, வேலைக்கு லேட்டாயிடுச்சுன்னு நான் தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு ஓடுனாலும் அதே கேள்வி. உயிருக்குன்னா நின்னுக்கிட்டே சொல்லு, பொருளுக்குன்னா உக்காந்து சொல்லுன்னுவாரு. எதிர்வீட்டு ஆளு ஒருத்தரு ஒரு நாள் பாம்பு பாம்புன்னு தெருவே அதிர அலறுனாரு. இவரு ஜன்னல் வழியா தலைய நீட்டி, கடிச்சிடுச்சா இல்ல பாத்தியான்னு கேட்டாரு. பாத்தேன்னு அந்தாளு சொன்னதும், அப்ப மெதுவா கத்துன்னு சொல்லிட்டு ஜன்னல சாத்திக்கிட்டாரு. அதுக்கப்புறம் அவரே ஒரு கழி எடுத்துட்டு வந்து அந்தப் பாம்ப விரட்டுனாரு, அது வேற விஷயம்.

பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. ஏர்போர்ஸ்னுதான் எங்க குப்பம் பூரா சொல்லும். எங்க பக்கத்து வீடு. எங்க வீட்டுக்காரரு அவர அண்ணேன்னு கூப்பிடுவாரு, அதனால எனக்கு மாமா. புதுச்சேரில பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவங்கள சொல்தான்னு சொல்லுவோம். இவரு இருந்தது நம்ம ஊரு ஏர்போர்ஸுல. ஆனா நடை என்னமோ சொல்தா நடைதான், முதுகு வளையவே வளையாது. அங்க அவருக்கு வயர்லெஸ் வேலை. மேல பறக்கறவன் பேசுனா கீழ உக்காந்து கேக்கணும், பதில் சொல்லணும், அவ்வளவுதான்னு சொல்லுவாரு.

அவங்க வீட்டுல அப்பா, தாத்தா, தம்பி எல்லாரும் கடல் தொழில்தான். இவரு மட்டும் எப்பிடி ஆகாயத்துக்குப் போனாருன்னு கேட்டா எங்க ஊர்ல சின்னப் புள்ளைகூட சிரிக்கும். அவருக்குக் கடல் ஒத்துக்காது. போட்டுல ஏறி அலைய தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்துடுவாரு. மீன்காரன் வீட்டுப் புள்ள வாந்தி எடுத்தா ஊரு என்னா பேசும்? அந்த வெக்கத்துலதான் பட்டாளத்துக்கு ஓடிப் போனேன்னு அவரே சொல்லியிருக்காரு. ஓய்வு வாங்கிட்டு திரும்பி வந்து வீடு கட்டுன பிறகும் ஒரு போட்டுல கால வெச்சதில்ல. மணல்ல நின்னு பாக்கறதோட சரி.

எங்க பைபர் போட்டுக்கெல்லாம் வயர்லெஸ் செட்டு வந்தது அவரு திரும்பி வந்த சமயத்துலதான். கரையில ஒரு பெரிய செட்டு வேணும், அதுக்கு ஒரு ஆளு வேணும். வேற யாரு இருக்கா? பஞ்சாயத்துல கூப்பிட்டு, வலை கொட்டகைய ஒட்டுன ரூம அவரு கையில குடுத்தாங்க. செட்டு வந்த புதுசுல எங்க ஆளுங்க அதுல பேசுன பேச்சிருக்கே, காது குடுத்துக் கேக்க முடியாது. சினிமா கதை, மாமியா சண்டை, எவன் எங்க மீன் புடிக்கறான்னு வேவு, நடுநடுவுல கெட்ட வார்த்தை. அவரு ரெண்டு நாள் வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டு இருந்தாரு. மூணாவது நாள் போட்டுக்காரங்க எல்லாரையும் கொட்டகையில உக்கார வெச்சி பாடம் நடத்துனாரு. நானும் எங்க வீட்டுக்காரருக்கு சாப்பாடு குடுக்கப் போன சாக்குல பின்னால நின்னு கேட்டேன்.

அன்னிக்கித்தான் நாங்க மேடேன்ற வார்த்தைய முதல் முதலா கேட்டது. மே மாசத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. பிளேன் ஓட்டறவன், கப்பல் ஓட்டறவன், யாரா இருந்தாலும் உயிரு போற ஆபத்துல செட்டுல சொல்ற வார்த்தை அது. மூணு தடவ சொல்லணும். ஒரு தடவ இரைச்சல்ல போயிட்டாலும் மறு தடவ காதுல விழும். அதோட, எவனோ பேச்சுவாக்குல சொல்றான்னு கேக்கறவன் நெனச்சிடக் கூடாது, அதுக்கும்தான். அந்த வார்த்தை கேட்டா மத்த அத்தனை பேரும் வாய மூடிடணும். பக்கத்துல இருக்கற போட்டு அந்த நிமிஷமே கெளம்பணும். வலை கடல்ல கெடந்தா அறுத்து விட்டுட்டுக் கெளம்பணும். அது யாரு வலையா இருந்தாலும் சரி, உள்ள எவ்வளவு மீன் இருந்தாலும் சரி. இது பஞ்சாயத்துல பேசி முடிவு பண்ணதுன்னாரு. வலைய அறுக்கறதுன்னதும் கொட்டகையில ஒரு முணுமுணுப்பு ஓடிச்சு. அவரு கண்டுக்கல. உயிருக்கு ஆபத்து இல்ல, ஆனா அவசரம்னா அதுக்கு பேன் பேன்னு வேற ஒரு வார்த்தை இருக்கு. அதுக்கு வலைய அறுக்க வேண்டாம், இழுத்து ஏத்திட்டு நிதானமா போனா போதும்.

அந்த வார்த்தை வந்த கதையும் அன்னிக்கே சொன்னாரு. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால லண்டன் பக்கத்து ஏர்போர்ட்டுல ஒரு வயர்லெஸ் ஆபீசர் இருந்தாராம். ஆபத்துல மாட்டுனா பிளேன்காரன் வாயால சொல்றதுக்கு ஒரு வார்த்தை கண்டுபுடின்னு அவர்கிட்ட கேட்டிருக்காங்க. கப்பல்ல தந்தி தட்டறவன் எஸ்.ஓ.எஸ்.னு தட்டுவான், தட்டறதுக்கு அது சுலபம். வாயால சொன்னா அந்த எஸ் இரைச்சல்ல கரைஞ்சி போயிடும். அங்கேர்ந்து கெளம்பற பிளேனெல்லாம் பெரும்பாலும் பாரிசுக்குப் போயி வர்றது. அதனால ரெண்டு நாட்டுக்காரனுக்கும் புரியட்டும்னு அந்தாளு பிரெஞ்சுலேர்ந்து எடுத்தாராம். மெதேன்னா எனக்கு உதவி பண்ணுங்கன்னு அர்த்தம். அதத்தான் இங்கிலீஷ்காரன் வாயில மேடேன்னு ஆக்கிட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்சவ, பீச் பக்கத்துல வெள்ளைக்காரங்க வந்து தங்கற கெஸ்ட் ஹவுஸ்ல தெனம் ரெண்டு வார்த்தை பேசறவ, வாய் சும்மா இருக்குமா? இது எங்களுக்கு முதல் வகுப்புலயே வந்துடுச்சு மாமா, உதவி பண்ணுங்கன்னா எதே முவான்னு சொல்லுவோம், பெஞ்ச நகத்தணும்னாலும் அதான், கணக்கு வரலன்னாலும் அதான், கொஞ்சம் கை குடுங்கன்றதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு கேட்டுட்டேன். ஆம்பளைங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "உங்க பள்ளிக்கூடத்துல அது என்னவா வேணா இருக்கட்டும்மா. செட்டுக்குள்ள வந்துட்டா அது சாமி. சும்மா தொடக்கூடாது"ன்னாரு.

ஏன் இந்த மனுஷன் ஒரு வார்த்தைக்கு இப்பிடிக் காவல் காக்கறாருன்னு எனக்கு ரொம்ப நாள் விளங்கல. ஒரு ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல நெத்திலி குழம்பு. அவருக்கு உசுரு அது. சாப்பிட்டுக்கிட்டே தானா சொன்னாரு. சர்வீஸ்ல சேந்த புதுசுல ஒரு பிளேன் தடுமாறிக்கிட்டு இருந்திருக்கு. ஓட்டறவன் மேடே சொல்றான். அதே நேரம் வேற ஒருத்தன் அதே லைன்ல ஏதோ சில்லறை விஷயம் பேசறான், நிறுத்த மாட்டேங்கறான். இவரு காதுல ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. ஓட்டறவன் எந்த எடத்துல இருக்கேன்னு சொன்ன வரி மட்டும் கேக்கல. அவ்வளவுதான் சொன்னாரு, மிச்சத்த சொல்லல. அப்புறம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துன்னாரு. எனக்கு அன்னிக்கி அவரு மேல ரொம்ப பாசமாப் போச்சு, பொய் சொல்வானேன்.

செல்வம்னு ஒருத்தன். நல்லவன்தான், ஆனா சோம்பேறி, குறுக்கு புத்தி. அவன் போட்டுல ஒரு நாள் தண்ணிக்குள்ள சுத்தற விசிறியில வலை சுத்திக்கிட்டு இன்ஜின் நின்னு போச்சு. நீந்தி அடியில போயி அறுத்து எடுக்கணும், ஒரு மணி நேர வேலை. அதுக்கு சோம்பல்பட்டுக்கிட்டு, எவனாவது வந்து கட்டி இழுத்துட்டுப் போகட்டும்னு செட்ட எடுத்து மேடே மேடே மேடேன்னுட்டான். பக்கத்துல இருந்த போட்டெல்லாம் வலைய அறுத்துப் போட்டுட்டு ஓடுச்சு. போயிப் பாத்தா தொரை போட்டுல கால் நீட்டி பீடி புடிச்சிக்கிட்டு இருக்காரு. அறுத்த வலையில பாதி கெடைக்கவே இல்ல. சில வீட்டுல அந்த வாரம் அடுப்பு எரியறதே பாடாப் போச்சு.

அன்னிக்கி சாயங்காலமே கோயில் முன்னால பஞ்சாயத்து. ஏர்போர்ஸ்தான் கூட்டுனாரு. செல்வம் கையக் கட்டிக்கிட்டு ஊர் நடுவுல நின்னான். அவன் பொண்டாட்டி, கைக்கொழந்தைய இடுப்புல வெச்சிக்கிட்டு ஒரு ஓரமா நின்னா. தெரியாம பண்ணிட்டேன்ணே, மன்னிச்சிடுங்கன்னு அவன் கேட்டான். ஊர்ப் பெரியவங்ககூட விட்டுடலாம்னாங்க. இவரு விடல. ஊருல இருக்கற ஒவ்வொருத்தரு கால்லயும் விழணும், ஒரு மாசம் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னாரு, அப்பிடியே ஆச்சு. செல்வம் எங்க வீட்டுக்காரரு கால்லகூட விழுந்தான். எங்க வீட்டுக்காரரு பதறிப்போயி ரெண்டடி பின்னால நகந்தாரு. வீட்டுக்கு வந்து, ஒரு ஆம்பளைய இப்பிடிப் பண்ணக் கூடாது, எனக்கு இது நடந்தா நான் நாண்டுக்கிட்டு செத்துடுவேன்னு சொன்னாரு. அன்னிக்கி ராத்திரி அவரு சாப்பிடல.

அதுலேர்ந்து எங்க குப்பத்துல அந்த வார்த்தை ஒரு கெட்ட வார்த்தை மாதிரி ஆயிடுச்சு. குழாயடியில குடத்த தூக்கி விடுடின்னா, மேடே சொல்லிடாதடி, கால்ல விழ வெச்சிடுவாருன்னு பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. செட்டுல வெட்டிப் பேச்சு சுத்தமா நின்னு போச்சு. ஏர்போர்ஸுக்கு அதுல பெருமைதான். இப்பத்தான் லைனு சுத்தமா இருக்குன்னு சொல்லுவாரு. வீராம்பட்டினத்துல அவரு மாமனார் வீட்டுக்கு ஆடித் திருவிழாவுக்குப் போனப்பகூட, அந்த ஊரு போட்டுக்காரங்ககிட்ட எங்க ஊரப் பாத்து கத்துக்கோங்கன்னு பேசிட்டு வந்தாருன்னு அவரு பொண்டாட்டி சொன்னா.

எங்க வீட்டுக்காரரப் பத்தி ஒண்ணு சொல்லணும். தனக்குன்னு ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. காச்சல்ல கெடந்தாலும் தண்ணி குடுன்னு கேக்க மாட்டாரு, தானே எழுந்து போயி மொண்டு குடிப்பாரு. கூட தொழிலுக்குப் போனது ஏர்போர்ஸோட கூடப் பொறந்த தம்பி கதிர். ரெண்டு பேரும் ஒரே போட்டு, ஒரே வயசு, ஒண்ணா வளந்தவங்க.

ஆனி மாசம். கச்சான் காத்து கரையிலேர்ந்து கடலப் பாத்து அடிக்கற காலம். அந்தக் காத்துல இன்ஜின் நின்னா போட்டு கரைக்கு வராது, உள்ளதான் போகும். நான் மத்தியானம் கெஸ்ட் ஹவுஸ்ல துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். கரையில நடந்தத கொட்டகையில வலை தெச்சிக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் காதால கேட்டாங்க, அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்காரரு குரல் செட்டுல வந்திருக்கு. சாதாரணமாத்தான் பேசியிருக்காரு. "அண்ணே, இன்ஜின் நின்னு போச்சு. பின்னாடி லேசா தண்ணி ஏறுது, மொண்டு ஊத்திக்கிட்டு இருக்கோம். பக்கத்துல யாராச்சும் இருந்தா அனுப்பறீங்களா?"

"உயிருக்கா, பொருளுக்கா?"

கொஞ்ச நேரம் செட்டுல கொரகொரன்னு சத்தம் மட்டும்தான். அப்புறம் பதில் வந்துச்சாம். "இப்போதிக்கு பொருளுக்குத்தாண்ணே."

அவரு சட்டப்படி என்ன செய்யணுமோ அத செஞ்சாரு. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. காலாப்பட்டுக்கு நேரா எங்க ஊரு போட்டு ஒண்ணு வலை விட்டிருந்தது, அவங்கதான் கிட்ட. வலைய இழுத்து ஏத்திட்டு நேரா போங்க, கட்டி இழுத்துட்டு வாங்கன்னு சொன்னாரு. அன்னிக்கின்னு பாத்து அந்த வலை பூரா கானாங்கெளுத்தி. ஏத்தி முடிக்க நேரமாச்சு. நடுவுல இவரு ரெண்டு மூணு வாட்டி எங்க வீட்டுக்காரர கூப்பிட்டுப் பாத்திருக்காரு. பதிலே வரல. செட்ட வெச்சிட்டு தண்ணி மொண்டுக்கிட்டு இருப்பாங்கன்னு பக்கத்துல இருந்தவங்க சொல்லியிருக்காங்க. இவரும் அப்பிடித்தான் நெனச்சாராம்.

அந்தப் போட்டு போனப்ப கடல்மேல எங்க போட்டு இல்ல. ஐஸ் பொட்டி மெதந்துக்கிட்டு இருந்தது. அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு கதிர் மட்டும் இருந்தான்.

சேதி கேட்டதும் ஏர்போர்ஸ் செட்ட அப்பிடியே விட்டுட்டு, தேடப் போன போட்டுல ஏறிட்டாரு. ஆயுசுல அவரு தானா போட்டு ஏறுனது அன்னிக்கித்தான். மூணு நாள் தேடுனாங்க. மூணு நாளும் அவரு கூடப் போனாரு. வாந்தி எடுத்து எடுத்து கடைசியில ரத்தமா வந்துச்சாம். எறங்குங்கன்னு சொன்னா கேக்கல, புடிச்ச போட்டு விளிம்ப விடல. எங்க வீட்டுக்காரரு கெடைக்கல. ஒரு சட்டைத் துணிகூட கெடைக்கல.

கதிருக்கு பேச்சு வந்ததும் என்னப் பாக்க வந்தான். கண்ணு ரெண்டும் வீங்கி, உதடெல்லாம் வெடிச்சி இருந்தது. என் முன்னால தரையில உக்காந்தான். தலைய தூக்காமயே சொன்னான்.

"நான் சொல்லச் சொன்னேன் அண்ணி. தண்ணி முட்டி வரைக்கும் வந்துடுச்சு, அந்த வார்த்தைய சொல்லிடுடான்னு சொன்னேன். மைக்க கையில வெச்சிக்கிட்டு, இருடா, போட்டு இன்னும் மெதக்குதுல்ல, இப்பவே சொல்லிட்டு அப்புறம் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா நாளைக்கி நாம நடு ஊர்ல நிக்கணும்னான். அதுக்குள்ள ஒரு அலை மேல வந்துடுச்சு. பேட்டரி நனைஞ்சிடுச்சு. அப்புறம் சொன்னான் அண்ணி. மூணு தடவ என்னா, தொண்ட கிழியற வரைக்கும் சொன்னான். செட்டு செத்துப் போயிருந்தது. ஐஸ் பொட்டிய ரெண்டு பேரும்தான் புடிச்சிருந்தோம். அவன் எப்ப விட்டான்னு எனக்குத் தெரியல."

கேட்டுட்டு நான் என்ன பண்ணேன்னு எனக்கு நெனவு இல்ல. அவனுக்கு காபி போட்டுக் குடுத்தேன்னு சொல்றாங்க. குடுத்திருப்பேன்.

பொணம் இல்லாத வீட்டுல காரியம் பண்றது ஒரு கொடுமை. போட்டோவ வெச்சி மாலை போட்டாங்க. இருந்த ஒரே நல்ல போட்டோ கல்யாண போட்டோ, என்ன வெட்டிட்டு அவர மட்டும் பெரிசு பண்ணிக் குடுத்தான் ஸ்டுடியோக்காரன். அதுல அவரு சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. சிரிக்கற மூஞ்சியப் பாத்து எப்பிடி அழறது? வந்தவங்க எல்லாம் அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல. கல்நெஞ்சுக்காரின்னு பின்னால பேசுனாங்க, என் காதுலயும் விழுந்தது. பேசட்டும்.

காரியம் முடிஞ்ச மறுநாளு ஏர்போர்ஸே பஞ்சாயத்தக் கூட்டுனாரு. செல்வம் நின்ன அதே எடத்துல இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு வந்து நின்னாரு. அந்த வார்த்தைய நான்தான் இவங்க வாயில வரவிடாம பண்ணேன், செல்வத்துக்குக் குடுத்ததவிட பெரிசா எனக்குக் குடுங்கன்னு கேட்டாரு. பெரியவங்க எல்லாம், காத்துக்கு நீ என்னப்பா பண்ணுவ, விதி முடிஞ்சா யாரு தடுக்க முடியும்னு ஆரம்பிச்சாங்க. செல்வம் எழுந்து, அன்னிக்கி நான் பொய் சொல்லலன்னா இது நடந்திருக்காதுன்னு ஓன்னு அழுதான். வலைய ஏத்துன போட்டுக்காரங்க, நாங்க வலைய அறுத்துட்டுப் போயிருக்கணும்னு அழுதாங்க. கல்யாணச் சோறு மாதிரி ஆளாளுக்குப் பழிய பங்கு போட்டுத் தின்னாங்க. இவருக்கு ஒருத்தரும் தண்டனை குடுக்க வாயத் தொறக்கல. கடைசியில அவரு என் பக்கம் திரும்புனாரு.

"நீ சொல்லும்மா."

பொம்பளைங்க நடுவுல உக்காந்திருந்தவ எழுந்து நின்னேன். "உங்க மேல தப்பில்லன்னு என் வாயால வராது மாமா. தப்புன்னு சொன்னா அவரு எழுந்து வரப் போறதும் இல்ல. மத்த போட்டெல்லாம் கடல்ல இருக்கு, நீங்க இங்க வந்து நின்னுக்கிட்டு இருக்கீங்க. செட்டு கிட்ட யாரு இருக்கா?"

அவரு முகம் வெளுத்துப் போச்சு. துண்ட அவுக்காமயே திரும்பி, அந்த வயசுல, மணல்ல ஓடுனாரு. அதுக்கப்புறம் பஞ்சாயத்து தானா கலைஞ்சி போச்சு.

நான் சொன்னது அவருக்கு தண்டனையா, வேலையா, எனக்கே இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அவரு ரெண்டாவும் எடுத்துக்கிட்டாரு. உயிருக்கா பொருளுக்கான்ற கேள்விய அதுக்கப்புறம் யார்கிட்டயும் கேக்கல. செட்டுல எவன் எதுக்குக் கூப்பிட்டாலும், பீடி நனைஞ்சிடுச்சுன்னு சொன்னாகூட, எல்லாப் போட்டையும் வலைய அறுத்துட்டு ஓடச் சொல்லுவாரு. ஒண்ணுமில்லண்ணே, சும்மா கூப்பிட்டேன்னு சொன்னா நம்ப மாட்டாரு. பயந்து பொய் சொல்ற, பரவால்ல, உண்மையச் சொல்லுன்னு கெஞ்சுவாரு. ஒருத்தரும் கூப்பிடாத நேரத்துல இவரே ஒவ்வொரு போட்டா கூப்பிட்டு, எதுனா வேணுமான்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு. வலை போன வீடெல்லாம் கத்துச்சு. தொழில் பண்றவன் எத்தினி நாளைக்கித் தாங்குவான்? ஒவ்வொருத்தனா செட்ட அணைச்சி வெச்சிட்டு செல்போனுக்கு மாறிட்டானுங்க. அது கரைய ஒட்டித்தான் எடுக்கும்னு அவனுங்களுக்கும் தெரியும், இருந்தாலும் மாறிட்டானுங்க. பஞ்சாயத்துல வந்து ரொம்ப மரியாதையா ரூம் சாவிய வாங்கிக்கிட்டாங்க.

சாவி போன பிறகு அவரு மணல்லயே குடியிருந்தாரு. தொழிலுக்குப் போன கடைசி போட்டு கரையேறற வரைக்கும் வீட்டுக்குப் போக மாட்டாரு. வெயிலு, மழை, ஒண்ணும் கெடையாது. எறங்கி வர்றவன் கிட்டயெல்லாம் போயி, ஒண்ணும் இல்லியே, ஒண்ணும் இல்லியேன்னு கேப்பாரு. முதல்ல பதில் சொன்னாங்க, அப்புறம் தலைய ஆட்டுனாங்க, அப்புறம் அவரச் சுத்திக்கிட்டுப் போனாங்க. அவரு பொண்டாட்டி சாப்பாட்ட தூக்குல போட்டு மணலுக்கே எடுத்துட்டுப் போவா. பாதி நாள் அது அப்பிடியே திரும்பி வரும்.

நான் அவர்கிட்ட பேசறதில்ல. தெனமும் வேலை முடிஞ்சி பீச் ரோட்டுலேர்ந்து மணலோரமாத்தான் வீட்டுக்கு வரணும், தெனமும் அவர தாண்டித்தான் வரணும். ஒரு நாள் ரேஷன்ல அரிசி போட்டாங்க. மூட்டைய இடுப்புல வெச்சிக்கிட்டு மணல்ல வர்றேன், கால் புதையுது, மூச்சு வாங்குது. அவரு பாத்துட்டு ஓடி வந்தாரு. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, தூக்கட்டுமாம்மான்னு கேட்டாரு. வேணாம்னேன். வீடு வரைக்கும் எனக்கு நாலடி பின்னாலயே, நீட்டுன கைய மடக்காம வந்தாரு. நான் திரும்பிப் பாக்கல, கதவ சாத்திக்கிட்டேன். குடுத்திருக்கலாமே, வயசான மனுஷன் ஆசையா கேட்டாருன்னு அவரு பொண்டாட்டி ஒரு தடவ என்கிட்ட வருத்தப்பட்டா. ஏன் குடுக்கணும்? எங்க வீட்டுக்காரரு கேட்டப்ப போகாத கை. எனக்கு அதுல இன்னிக்கிம் வருத்தம் இல்ல.

போன மாசி மாசம் ஒரு விடியக்காலம் அவரு எழுந்திருக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு. எங்க குப்பத்துல ஒரு சாவு விழுந்தா அன்னிக்கி யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. மைக்குல சொல்லிட்டாங்க. ஏற்கெனவே போயிருந்த ரெண்டு மூணு போட்டையும் போன் போட்டுத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. அத்தனை போட்டும் மணல்ல வரிசையா ஏத்திக் கெடந்தது. கடல்ல எங்க ஊரு ஆளு ஒருத்தன்கூட இல்ல.

போக வேணாம்னுதான் நெனச்சேன். பக்கத்து வீடு, சாவு வீட்டு அழுகை சொவரு வழியா வந்துக்கிட்டே இருக்கு, எவ்வளவு நேரம் உக்காந்திருக்க முடியும்? போனேன். பெஞ்சுல கெடத்தியிருந்தாங்க. அவரு பொண்டாட்டி என்னப் பாத்ததும் எழுந்து வந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. கதிர் சொவத்துல சாஞ்சி உக்காந்திருந்தான். நான் கால் மாட்டுல போயி உக்காந்தேன். கால் வெரலு இடுக்குல இன்னும் மணலு இருந்தது. தொட்டேன். ஜில்லுன்னு இருந்தது.

அப்ப வந்தது பாருங்க அழுகை. எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியல, நெஞ்ச ஒடைச்சிக்கிட்டு வந்தது. அந்தக் கால புடிச்சிக்கிட்டு, என் ராசா, என் ராசான்னு எங்க வீட்டுக்காரர கூப்பிட்டுத்தான் அழுதேன். சுத்தி இருந்தவங்களுக்கு அது தெரியல. பாரு, மன்னிச்சிட்டா, எவ்வளவு பெரிய மனசுன்னு பேசிக்கிட்டாங்க. மன்னிப்புமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. எனக்குக் கட்டிப் புடிச்சி அழறதுக்கு ஒரு பொணம் வேணும். கெடைச்சது அவரோடதுதான்.